பயாஸுக்கு எட்டாத இடத்தில் கெர்னல் இருந்தால்

மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் போகிற வழியில் ஓர் அரிசி ஆலை. எடைமேடையை ஒட்டிய சின்ன அறையில் 2002 வாக்கில் வாங்கிய பென்டியம் 4 கம்ப்யூட்டர் ஒன்று இன்னமும் ஓடுகிறது. எடையைக் காட்டும் பெட்டி சீரியல் போர்ட் வழியாகத்தான் பேசும், இந்தக் கம்ப்யூட்டரில் அது இருக்கிறது, வேலையும் ஒழுங்காக நடக்கிறது, அதனால் யாரும் அதை மாற்ற நினைக்கவில்லை. பழைய 40 ஜிபி ஹார்ட் டிஸ்க் பழுதானபோது 250 ஜிபி டிஸ்க் ஒன்றைப் போட்டு, லினக்ஸ் நிறுவிக் கொடுத்தேன். ஒவ்வொரு லாரியும் ஏறும்போது எடுக்கிற படங்கள் எல்லாம் அதில்தான் சேரும்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு தை மாதம், சம்பா அறுவடை மும்முரத்தில், வாசலில் நெல் லாரிகள் நிற்கும்போது கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்துவிட்டது. முந்தின நாள் இரவு ஓர் அப்டேட் ஓடியிருக்கிறது. திரையில் ஒரே ஒரு வரி: எச்டி0 என்கிற டிஸ்க்குக்கு வெளியே படிக்கவோ எழுதவோ முயற்சி நடந்தது என்று. பக்கத்து ஊர்க் கடையில் கேட்டதற்கு டிஸ்க் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"என்ன தம்பி, டிஸ்க் போயிடுச்சாமே?" என்று கணக்குப்பிள்ளை கேட்டார்.

"இல்லைங்க ஐயா, டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. படிக்கிறவருக்குத்தான் கை எட்டலை" என்றேன்.

அது அவரைச் சமாதானப்படுத்தச் சொன்ன வார்த்தை இல்லை, நடந்தது அதுதான். அந்த ஒரு வரியைப் பார்த்து நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள், அதில் இருந்த கணக்கு வழக்கு, குடும்பப் படங்கள் எல்லாம் சேர்ந்து போயிருக்கின்றன. அதனால்தான் இதை முதலிலிருந்து, கம்ப்யூட்டர் பற்றி அதிகம் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி எழுத ஆசைப்பட்டேன்.

கம்ப்யூட்டரின் பட்டனை அழுத்தியதும் முதலில் எழுவது லினக்ஸும் இல்லை, விண்டோஸும் இல்லை. மதர்போர்டில் ஒரு சின்ன சில்லில் பதிந்திருக்கும் பயாஸ் என்கிற நிரல். நினைவகம் சரியாக இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு, அது ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டரை மட்டும் எடுத்து நினைவகத்தில் 31744 என்கிற முகவரியில் வைக்கும். செக்டர் என்பது 512 பைட். அந்த 512-இன் கடைசி இரண்டு பைட்டில் 85, 170 என்ற இரண்டு எண்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும், இருந்தால் இது கிளப்பக்கூடிய டிஸ்க்தான் என்று முடிவுசெய்து, அந்தச் செக்டரில் உள்ள நிரலிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த நிரல்தான் பூட் லோடரின் முதல் துண்டு.

எவ்வளவு சின்ன இடம் என்று பாருங்கள். 512 பைட்டில் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்து வைத்த பகுதி) பட்டியலுக்கு 64 பைட் போய்விடும், 4 பார்ட்டிஷனுக்குத் தலா 16. கடைசி 2 பைட் அடையாளத்துக்கு. மீதி 446 பைட். தமிழில் ஓர் எழுத்துக்கே பெரும்பாலும் 3 பைட்டோ 6 பைட்டோ ஆகும் என்றால், இந்தப் பத்தியைக்கூட அந்த இடத்தில் எழுத முடியாது. ஆனால் அதற்குள் இருக்கும் நிரல், தன் அடுத்த துண்டைத் தேடி எடுக்க வேண்டும், அந்தத் துண்டு லினக்ஸின் மையமான கெர்னலைத் தேடி எடுக்க வேண்டும். கெர்னல் வந்துவிட்டால் பிறகு எல்லாம் அதன் பாடு.

இங்கே ஒரு கேள்வி வரும். பூட் லோடருக்கு டிஸ்க்கைப் படிக்கத் தெரியுமா? பெரும்பாலான பூட் லோடர்கள் தாங்களாகப் படிப்பதில்லை. "இந்த இடத்தில் இருக்கிற செக்டரை எடுத்துக் கொடு" என்று பயாஸிடமே கேட்கும். பயாஸ் எடுத்துக் கொடுக்கும். சிக்கல் முழுக்க இந்தக் கேட்கிற முறையில்தான் இருக்கிறது.

நிலப் பதிவுக்கான விண்ணப்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சர்வே எண் எழுத மூன்று கட்டம் மட்டும் போட்டிருக்கிறார்கள். 999 வரை எழுதலாம். உங்கள் நிலம் சர்வே எண் 1207-இல் இருக்கிறது. நிலம் இருக்கிறது, அதில் பயிர் நிற்கிறது, வரப்பில் நின்று கையால் காட்டவும் முடியும். அந்தத் தாளில் மட்டும் அதை எழுத முடியாது. பயாஸின் டிஸ்க் எல்லை என்பது இவ்வளவுதான். டிஸ்க்கின் அளவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, கேட்கும் தாளில் கட்டம் போதவில்லை.

அந்தக் கட்டங்கள் எப்படி வந்தன என்பது சுவையான கதை. ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டுகள் சுழலும். ஒவ்வொரு தட்டின் பரப்பிலும் வட்ட வட்டமாகத் தடங்கள், ஒவ்வொரு தடமும் செக்டர்களாகப் பிரிந்திருக்கும். எந்தத் தடம் என்பதற்குச் சிலிண்டர் எண், எந்தப் பரப்பு என்பதற்கு ஹெட் எண், தடத்தில் எந்தத் துண்டு என்பதற்குச் செக்டர் எண். மூன்றும் சேர்ந்தால் முகவரி. 1980-களில் பயாஸுக்கு இந்த முறையை வகுத்தபோது சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8 பிட், செக்டருக்கு 6 பிட் என்று ஒதுக்கினார்கள். பிட் என்பது நம் கட்டம் மாதிரிதான், ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. 10 பிட்டில் 1024 சிலிண்டர், 8 பிட்டில் 256 ஹெட், 6 பிட்டில் 63 செக்டர் (செக்டரை 1-இலிருந்து எண்ணுவார்கள், அதனால் 64 இல்லை). மூன்றையும் பெருக்கி 512-ஆல் பெருக்கினால் சுமார் 8.4 ஜிபி. சில எம்பி டிஸ்க்கையே பெரிதாக நினைத்த காலத்தில் இது கடல் மாதிரி தெரிந்திருக்கும்.

ஆனால் ஐடிஇ என்ற இணைப்பு முறையில் வந்த டிஸ்க்குகள் தங்கள் பக்கத்தில் வேறொரு தாள் வைத்திருந்தன. சிலிண்டருக்கு 16 பிட், ஹெட்டுக்கு 4 பிட், செக்டருக்கு 8 பிட். இரண்டு தாளுக்கும் பொருந்துகிற எண்ணை மட்டுமே எழுத முடியும் என்பதால் ஒவ்வொன்றிலும் சிறியதுதான் செல்லும்: 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். பெருக்கிப் பாருங்கள், 52,84,82,304 பைட், அதாவது 528 எம்பி. இரண்டு பக்கமும் தனித்தனியே தாராளமாகத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், சேர்த்து வைத்தபோது அரை ஜிபியில் முட்டி நின்றது. எனக்கு இந்தக் கணக்கு முதல்முறை புரிந்தபோது அன்று முழுக்க அதே நினைப்பாக இருந்தது.

பிறகு பயாஸ் எழுதியவர்கள் எண்களை மாற்றிக் கணக்கிட்டு 8.4 ஜிபி வரை போனார்கள். அதற்கும் மேல் போக, சிலிண்டர் ஹெட் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, செக்டர்களுக்கு 0, 1, 2 என்று வரிசையாக எண் போடும் எல்பிஏ முறை வந்தது. பயாஸிலும் அதற்கென்று புதிய அழைப்புகள் சேர்ந்தன, அவற்றின் தாளில் 64 பிட் இடம் உண்டு. சரி, இனிப் பிரச்சினை இல்லை என்றுதானே தோன்றும்? தாளில் 64 பிட் இருந்தாலும், பயாஸ் அதை வாங்கி டிஸ்க்கிடம் சொல்லும்போது பழைய 28 பிட் முறையிலேயே சொன்னால் என்ன ஆகும்? 28 பிட்டில் 26,84,35,456 செக்டர்கள், 137 ஜிபி. ஆலையில் இருந்தது அந்தக் காலத்துப் பயாஸ். 250 ஜிபி டிஸ்க்கை அது 137 ஜிபி என்றே நம்பிக்கொண்டிருந்தது.

அப்படியானால் இரண்டு வருடம் எப்படி ஓடியது என்று நீங்கள் கேட்க வேண்டும், இந்த விஷயத்தில் மிக முக்கியமான கேள்வி அதுதான். லினக்ஸ் கெர்னல் எழுந்து நின்ற பிறகு டிஸ்க்குக்காகப் பயாஸிடம் போவதே இல்லை. தன் சொந்த டிரைவரை, அதாவது டிஸ்க்கை இயக்கத் தெரிந்த நிரலை, வைத்து நேராக டிஸ்க்கிடம் பேசும், டிஸ்க் "நான் 250" என்று சொன்னால் 250-ஐயும் பயன்படுத்தும். பயாஸின் எல்லை உறைக்கிற நேரம் பட்டன் அழுத்தியதிலிருந்து கெர்னல் எழும் வரைக்குமான அந்தச் சில நொடிகள் மட்டுமே. அந்தச் சில நொடிகளில் படிக்க வேண்டிய கோப்புகள், அதாவது பூட் லோடரின் துண்டுகள், அதன் மெனு, கெர்னல், அதனுடன் வரும் தொடக்கக் கோப்பு, இவை எல்லாம் 137 ஜிபிக்குள் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. டிஸ்க் படங்களால் நிறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் அப்டேட் புதிய கெர்னலை எழுதியது, மெனுவையும் புதிதாக எழுதியது, பழைய கெர்னலை நீக்கியது. முன்பக்கம் இடமில்லாமல் புதியவை எல்லைக்கு அப்பால் போய் விழுந்தன. மறுநாள் காலை பூட் லோடர் அவற்றைக் கேட்க, பயாஸ் சொன்ன அளவை வைத்துப் பார்த்தால் அந்த எண் டிஸ்க்குக்கே வெளியே. வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் இருக்கிறது, கடைமடைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இதே கதை முன்பு 1024 சிலிண்டர் எல்லையில் உலகம் முழுக்க நடந்தது. வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லைலோதான் அப்போது பெரும்பாலோர் பயன்படுத்திய பூட் லோடர். மிகச் சின்னது, கோப்பு அமைப்பு (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. கெர்னல் எந்தெந்தச் செக்டரில் இருக்கிறது என்ற பட்டியலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, கிளம்பும்போது அந்தப் பட்டியலைப் பார்த்துப் பயாஸிடம் ஒவ்வொன்றாகக் கேட்கும். அதனால்தான் கெர்னலை மாற்றினால் லைலோ கட்டளையை மறுபடி ஓட்ட வேண்டும், மறந்தால் பட்டியல் பழைய இடத்தையே காட்டும். அது கிளம்பும்போது தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்தையும் ஒவ்வொன்றாகத் திரையில் எழுதும், ஒவ்வோர் எழுத்தும் ஒரு படியைத் தாண்டியதற்கு அடையாளம். இரண்டு எழுத்தோடு நின்றுவிட்டால் எந்தப் படியில் தடுக்கியது என்று தெரிந்துவிடும். 446 பைட் நெருக்கடியில் பிழை சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பின்னால் எல்பிஏ32 என்ற அமைப்பு சேர்ந்தது, புதிய பயாஸ் அழைப்புகளைப் பயன்படுத்தி 1024-ஐத் தாண்ட முடிந்தது. 2015-இல் லைலோவின் உருவாக்கம் நின்றது.

லைலோ ஆனாலும், கோப்பு அமைப்பைப் படிக்கத் தெரிந்த க்ரப் என்கிற பூட் லோடர் ஆனாலும், இயல்பாகப் பயாஸின் கையைப் பிடித்துத்தான் நடக்கும். அந்தக் கையை விட்டுவிட்டு, கெர்னல் செய்வதையே பூட் லோடரும் செய்தால்? பயாஸ் எல்லையைத் தாண்டும் சின்னப் பூட் லோடர்கள் செய்வது இதுதான். தங்களுக்குள் ஒரு குட்டி ஐடிஇ டிரைவரை வைத்துக்கொள்ளும்.

குட்டி என்றால் உண்மையாகவே குட்டி. பழைய ஐடிஇ முறையில் டிஸ்க்கோடு பேசும் முதல் கன்ட்ரோலர் 496 முதல் 503 வரை எட்டுப் போர்ட் எண்களில் உட்கார்ந்திருக்கும். போர்ட் என்பது பிராசஸர் ஓர் எண்ணை எழுதவும் வாங்கவும் ஆன ஜன்னல். எத்தனை செக்டர் வேண்டும் என்பதை 498-இல் எழுத வேண்டும். செக்டர் எண்ணை மூன்று துண்டாக்கி, துண்டுக்கு 8 பிட்டாக 499, 500, 501 ஆகியவற்றில் எழுத வேண்டும். மூன்று எட்டு 24. மீதி 4 பிட்டும், இரண்டு டிஸ்க்கில் எது என்பதும் 502-இல். 24-உம் 4-உம் 28, அந்த 137 ஜிபி எல்லை பிறந்த இடம் இதுதான். பிறகு 503-இல் 32 என்ற எண்ணை எழுதினால் "படி" என்று அர்த்தம். அதே 503-ஐப் படித்துக்கொண்டே இருந்தால், டிஸ்க் வேலையாக இருக்கிறதா, தரவு தயாரா என்று ஒவ்வொரு பிட்டாகச் சொல்லும். தயார் என்றதும் 496-இலிருந்து இரண்டிரண்டு பைட்டாக 256 தடவை வாங்கினால் ஒரு செக்டர் கைக்கு வந்துவிடும்.

137-ஐத் தாண்ட வேண்டுமா? 48 பிட் முறை. அதே ஜன்னல்கள்தான், புதிதாக எதுவும் சேர்க்கவில்லை. 499, 500, 501 மூன்றிலும், எண்ணிக்கைக்கான 498-இலும்கூட, இரண்டு தடவை எழுத வேண்டும், முதலில் எண்ணின் மேல் பாதி, அடுத்துக் கீழ்ப் பாதி. மூன்று ஜன்னல், எட்டுப் பிட், இரண்டு தடவை, 48. கட்டளை எண் 32-க்குப் பதில் 36. இவ்வளவு மாற்றத்தில் எல்லை 14 கோடி ஜிபிக்கு மேல் போய்விடுகிறது. பழைய ஜன்னலை உடைக்காமல் புதிய எண்ணை உள்ளே அனுப்ப யோசித்தவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும், பழைய கன்ட்ரோலரில்கூட இது வேலை செய்வது அதனால்தான்.

8 எம்பி கெர்னல் என்றால் 16,384 செக்டர். இந்த முறையில் வாங்குவது வேகம் குறைவுதான், ஆனாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். கோப்பின் தொடக்கத்திலிருந்து 514 பைட் தள்ளி லினக்ஸ் கெர்னலுக்கே உரிய நான்கு எழுத்து அடையாளம் இருக்கும், அதைப் பார்த்து இது கெர்னல்தான் என்று பூட் லோடர் உறுதிசெய்துகொண்டு, பெரிய பகுதியை நினைவகத்தின் 1 எம்பி எல்லைக்கு மேலே ஏற்றி, கட்டளை வரியைக் கொடுத்து, பொறுப்பை ஒப்படைக்கும்.

இவ்வளவு எளிது என்றால் எல்லாப் பூட் லோடரும் ஏன் இப்படிச் செய்வதில்லை? முதலாவது, பயாஸை முழுக்கத் தவிர்க்க முடியாது. அந்த முதல் செக்டரைக் கொண்டுவருவது பயாஸ்தான், ஆகவே பூட் லோடர் உட்காரும் இடம் பயாஸுக்கு எட்டுகிற இடமாக, டிஸ்க்கின் தொடக்கத்திலோ பிளாப்பியிலோ சிடியிலோ இருக்க வேண்டும். இரண்டாவது, பயாஸ் செய்யும் பெரிய உதவி, எந்த வகை டிஸ்க் என்று நாம் கவலைப்படாமல் விடுவது. அதை விட்டால் ஐடிஇக்கு ஒரு டிரைவர், பின்னால் வந்த சாட்டா டிஸ்க்குகளின் ஏஎச்சிஐ முறைக்கு ஒன்று, யுஎஸ்பிக்கு ஒன்று என்று நாமே சுமக்க வேண்டும், சின்னப் பூட் லோடர் சின்னதாக இருக்காது. ஐடிஇ மட்டும் தெரிந்த பூட் லோடரை, ஸ்கஸி என்ற வேறு இணைப்பு முறை டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் போட்டால் அதற்கு எதிரே ஒன்றுமே தெரியாது.

சில பயாஸ்கள் பெரிய டிஸ்க்கைக் கண்டதும் அடையாளம் காணும் இடத்திலேயே உறைந்துவிடும். அப்போது பயாஸ் அமைப்பில் அந்த டிஸ்க்கையே இல்லை என்று குறித்துவிட்டு, பிளாப்பியிலோ சிடியிலோ இருந்து நேரடி டிரைவர் உள்ள பூட் லோடரைக் கிளப்பலாம். பயாஸ் பார்க்காத டிஸ்க்கை அது பார்க்கும், கெர்னலும் பார்க்கும்.

ஆலைக்குத் திரும்புவோம். க்ரப்பின் இரண்டாம் தலைமுறையில் நேட்டிவ்டிஸ்க் என்று ஒரு கட்டளை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அதைக் கொடுத்தால் பயாஸ் வழியை விட்டுவிட்டுத் தன் சொந்த டிரைவர்களுக்கு மாறிக்கொள்ளும். வீட்டில் க்ரப் உள்ள ஒரு சிடி எழுதிக்கொண்டு போனேன். சிடியில் கிளப்பி, கோப்பு அமைப்புக்கும் லினக்ஸுக்கும் வேண்டிய மாட்யூல்களை (க்ரப்பின் துணை நிரல்களை) இன்ஸ்மாட் கட்டளையால் முதலிலேயே ஏற்றிக்கொண்டேன், மாறிய பிறகு தேட வேண்டியதில்லை என்பதற்காக. டிஸ்க் எச்டி0 என்று தெரிந்தது, பூட் அடைவைக் கேட்டால் அதே வெளியே என்ற வரி. நேட்டிவ்டிஸ்க் கொடுத்தேன். எச்டி0 மறைந்து, அதே டிஸ்க் க்ரப்பின் சொந்த டிரைவர் வழியாக ஏடிஏ0 என்ற பெயரில் வந்தது. பூட் அடைவைக் கேட்டேன், கெர்னல் கோப்பு பெயரோடு வந்து நின்றது. கெர்னலையும் தொடக்கக் கோப்பையும் ஏற்றிப் பூட் என்று அடித்ததும் லினக்ஸ் எழுந்தது, முதல் லாரி எடைமேடையில் ஏறியது. கணக்குப்பிள்ளை ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "அப்ப டிஸ்க்ல ஒண்ணும் போகலையா தம்பி?" என்று மறுபடி கேட்டார். ஒன்றும் போகவில்லை.

அறுவடை முடியும் வரை தினமும் காலையில் அந்தச் சிடியில்தான் கிளப்பினார்கள், கட்டளைகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக் கொடுத்திருந்தேன். பிறகு நிரந்தரமாகச் சரிசெய்தேன். டிஸ்க்கின் முன்பக்கத்தில் 1 ஜிபி ஸ்வாப் பார்ட்டிஷன் (நினைவகம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் இடம்) இருந்தது. அதை அணைத்து, பூட் அடைவுக்கான தனிப் பார்ட்டிஷனாக மாற்றி, கெர்னலையும் க்ரப்பையும் அங்கே கொண்டுபோய் வைத்தேன், ஸ்வாப்புக்குப் பின்பக்கம் ஒரு கோப்பு உருவாக்கினேன். ஒரு படத்தைக்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. தினசரிப் பயன்பாட்டுக்கு எனக்கு இதுவே பிடித்த வழி: முன்பக்கம் சின்னப் பார்ட்டிஷன், பயாஸின் கை எட்டும் தூரத்தில். பார்ட்டிஷனைத் தொட முடியாத நிலை என்றால் நேரடி டிரைவர் உள்ள பூட் லோடர்தான் கதி.

உங்களிடமும் பழைய கம்ப்யூட்டரும் பெரிய டிஸ்க்கும் இருந்தால், கிளம்பாமல் போகும் நாளுக்குக் காத்திருக்காமல் இப்போதே பார்த்துவிடலாம். ஃபைல்ஃப்ராக் என்ற கட்டளையைக் கெர்னல் கோப்பின் மேல் விவரமாக ஓட்டினால், அது டிஸ்க்கில் எந்த பிளாக்கில் தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும். ஒரு பிளாக் 4096 பைட் என்றால் அந்த எண்ணை 8-ஆல் பெருக்கி, பார்ட்டிஷன் தொடங்கும் செக்டர் எண்ணைக் கூட்டுங்கள். 26,84,35,456-க்குக் கீழே வந்தால் 28 பிட் பயாஸும் படித்துவிடும். ஆலையில் அன்று வந்த பிளாக் எண் சுமார் 4 கோடியே 10 லட்சம். எட்டால் பெருக்கினால் 32 கோடியே 80 லட்சம்.